கை படாத போண்டா

அம்சவல்லி முந்தானையை மூக்குவரை இழுத்து விட்டுக்கொண்டாள். சக்கரபாணி அரைக்கதவின் இடுக்கு வழியே ஓட்டல் கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, தேள் கொட்டியவன்போல் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தான்.

“பழனிசாமி வந்துட்டாரு. வாசலை ஒட்டின மேசையில குந்திக்கினு இருக்காரு.”

“யாரு, பக்கத்து குவார்ட்டர்ஸ்காரரா?”

“அவரேதான். நம்ம ரெண்டு பேரையும் ஒண்ணாப் பாத்தாருன்னா முடிஞ்சிது.”

பழனிசாமியின் வாய், ஷிப்டுக்கு ஊதும் மைன்ஸ் சங்கைவிடப் பெரியது. சங்கு ஊதினால் டவுன்ஷிப்புக்கு மட்டும்தான் கேட்கும். அவர் ஒரு சேதியை வாயில் போட்டுக்கொண்டால், வடக்குத்து கிராமத்தில் மாடு மேய்க்கிறவர்கள்கூட அன்றைக்கே அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்வார்கள்.

சேதி போய்ச் சேரக் கூடாத காது ஒன்றே ஒன்றுதான், சக்கரபாணியின் அம்மா மாணிக்கம்மாள். அவள் வடலூர் சபைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிய நாளாகப் பார்த்துத்தான் இருவரும் துணிந்தார்கள். அவன் முதல் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்தான். அவள் வேறு தெரு வழியாக நடந்து வந்து, பலகையால் தடுத்த இந்தச் சின்ன அறைக்குள் நுழைந்துகொண்டாள்.

“உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா என்னை எங்க ஊரு குள்ளஞ்சாவடிக்கே மூட்டை கட்டி அனுப்பிடுவாங்க. அடுத்த பஸ்ஸுலயே.”

“பஸ்ஸு வரவரைக்கும் எங்க வெச்சிருக்கப் போறா? நடந்தே போன்னுடுவா.”

மேசைமேல் நிலவரம் அதைவிட மோசம். முதல் தடவையாக அவளை ஓட்டலுக்கு அழைத்து வந்த பெருமையில், ஒரு ஷிப்ட் ஆட்களுக்குப் போதுமான பலகாரத்தை அவன் கொண்டுவரச் சொல்லியிருந்தான். பழனிசாமியைப் பார்த்ததும் ஒன்றிலும் கை வைக்கத் தோன்றவில்லை. ஒவ்வொன்றும் குழந்தைத் தலை அளவுக்கு, போண்டாக்கள் அவனையே முறைத்துக்கொண்டிருந்தன.

வெளியே போக இருந்தது ஒரே வாசல். அதை அடைத்துக்கொண்டு பழனிசாமி ஒரு டீயை வாங்கி வைத்தார், பேப்பரை விரித்தார். தலைப்பிலிருந்து கடைசிப் பக்கத்துப் பல்பொடி விளம்பரம்வரை படித்துவிட்டு, மறுபடி தலைப்புக்கு வந்தார். அந்த நேரத்தில் இன்னொரு சுரங்கமே வெட்டி முடித்திருக்கலாம்.

அறைக்குள் காற்றே இல்லை. பவர் ஹவுஸ் பாய்லருக்குள் குந்தவைத்த மாதிரி இருவருக்கும் வியர்த்து ஊற்றியது. பக்கத்துத் தடுப்பறையில் அதுவரை நெய் தோசைமேல் நெய் தோசையாகப் போய்க்கொண்டிருந்தது. பழனிசாமி வந்ததிலிருந்து அங்கேயும் மூச்சுச் சத்தம் இல்லை.

சக்கரபாணி கதவிடுக்கைப் பார்த்தபடியே ஒரு போண்டாவைக் கடித்தான். விழுங்க முடியாமல் மீதிப் பாதியைத் தட்டில் வைத்தான். அம்சவல்லி தன்பாட்டுக்கு அந்தப் பாதியை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

“மிச்சம் ஆறும் கை படாதது, எச்சில் இல்ல. கட்டிக் குடுக்கச் சொல்லுங்க.”

“ஓட்டல்ல குந்தித் துன்னுட்டு மிச்சத்தக் கட்டுன்னு கேக்கறதா? பொண்ண இட்டுக்கினு வந்த லட்சணத்தப் பாருன்னு சர்வர் சிரிப்பான்.”

“சிரிச்சிட்டுப் போவட்டும். போண்டா நமக்கு வருதில்ல.”

“வூட்டு வாசல்லயே அம்மா மோந்துடுவா. ஒரு வாட்டி பஸ்ஸுல பக்கத்து சீட்டுக்காரன் வடை துன்னுக்கினு வந்தான். என் சட்டைய மோந்துட்டு, அந்த வடையில மொளவு கம்மின்னு சொன்னா.”

 அந்த மூக்கின் பெருமை அம்சவல்லிக்கும் தெரியும்.

ஒருவழியாகப் பழனிசாமி, ஆறிப் பச்சைத் தண்ணீராகிவிட்ட டீயை ஒரே மடக்கில் குடித்தார். பேப்பரை எட்டாக மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் முதுகு தெருமுனையில் மறைகிறவரை சக்கரபாணி இடுக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“போயிட்டாரு அம்சா. பொழச்சோம்.”

சர்வர் உள்ளே தலையை நீட்டினான். “இதெல்லாம் கட்டித் தரவா சார், எடுத்துடவா?”

அம்சவல்லி ஆசையோடு தட்டைப் பார்த்தாள். போன உயிர் திரும்பி வந்துவிட்டதால், சக்கரபாணி சுரங்கத்துக்கே சொந்தக்காரன் மாதிரி கையை வீசினான்.

“எடுத்துக் கொட்டிடுப்பா. மிச்சத்தக் கட்டிக்கினு போறவங்க இல்ல நாங்க.”

பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு டம்ளர் டக்கென்று மேசையில் இறங்கியது. வாய் நிறைய நெய் தோசையோடு ஒரு பெண்குரல் கேட்டது.

“கொட்டச் சொல்றியா, சக்கரபாணி? துன்ற பண்டம்டா அது.”

சக்கரபாணி வீசிய கையை மெல்ல மடக்கிக்கொண்டான். தட்டைத் தூக்கிய சர்வர் தூக்கியபடியே நின்றான். அந்தக் குரல் தோசையை விழுங்கிவிட்டு அம்சவல்லியிடம் சொன்னது:

“நீ கட்டி எடுத்துக்கினு வூட்டுக்கு வா, மருமவளே.”