நாற்பத்தொன்றாம் டோக்கன்

“மூச்சை நல்லா இழுத்து, உதட்டை இறுக்கிக்கிட்டு, ஒரே தம்மா ஊதுங்க மாமா!”

அரியமுத்து ஊதினார். கையளவுக் குழாயின் முள் நூற்று ஐம்பதைத் தொட்டதும் நின்றுவிட்டது. அதற்கே அவருக்கு இருமல் பிடுங்கியெடுத்தது. கலியம்மாள் அடுப்படியிலிருந்து ஓடிவந்து கணவரின் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

டாக்டர் தேவயானி எண்ணைக் குறித்துக்கொண்டாள். ஆஸ்துமாவுக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய்க்கும் மருந்து தேடும் ஆராய்ச்சிக் குழுவில் இருக்கிறாள். பெரம்பலூரிலிருந்து கீழப்பழுவூருக்கு இது மூன்றாவது நடை. முதல் இரண்டு தடவையும் “ஆள் இல்ல” என்று உள்ளிருந்தே குரல் கொடுத்த மனிதர், “நான் டைம்கீப்பர் செல்லதுரை பொண்ணு” என்று சொன்ன பிறகுதான் கதவைத் திறந்தார். அப்பாவின் காரியத்துக்கு அவர் வந்தபோது அவள் பார்த்தது. இப்போது பாதி உடம்பாகியிருந்தார்.

“என்னை விட்டுடுங்களேன் டாக்டரம்மா. குவாரியில வேலை பார்த்தவன் எல்லாருக்கும் உள்ளதுதானே இது?”

“பாப்பான்னே கூப்பிடுங்க மாமா. எல்லாருக்கும் உள்ளது இல்ல இது. அதுக்குத்தான் வந்திருக்கேன்.”

பையிலிருந்து குவாரியின் பழைய சோதனைச் சீட்டுகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எல்லாச் சீட்டிலும் ஒரே டோக்கன் நம்பர், நாற்பத்தொன்று.

அந்தச் சுண்ணாம்புக்கல் குவாரிக்கு வருடத்தில் ஒரு நாள் வெளியூரிலிருந்து ஒருவர் வந்து, தொழிலாளர்களை ஊதச் சொல்லிச் சோதிப்பார். டைம்கீப்பர் ஆட்களை வரிசையாக உள்ளே அனுப்புவார். வந்தவர் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டு, ஊதிய அளவைச் சீட்டில் எழுதுவார். முந்நூறுக்குக் கீழே போனால் அன்றோடு வேலை போச்சு.

“கல்லு ஒடைக்கிற கிரஷர்ல வேலை பார்த்த நாப்பது பேரோட சீட்டு எங்ககிட்ட இருக்கு. அத்தனை பேருக்கும் வருஷத்துக்கு வருஷம் எறங்கியிருக்கு. உங்களுக்கு மட்டும் பதினெட்டு வருஷம் ஐநூறுக்குக் கொறையல. அந்தத் தூசியில! உங்க ஒடம்புல ஏதோ ஒண்ணு நுரையீரலைக் காப்பாத்தியிருக்கு மாமா. அது என்னன்னு தெரிஞ்சா, அதையே மருந்தாக்கப் பார்க்கலாம். ஆறு மாசமா இந்தச் சீட்டைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டுத்தான் தூங்கறேன்.”

கலியம்மாள் வாயைத் திறந்தாள். “இவருக்குச் சின்ன வயசுலேருந்தே...”

“நீ செத்த சும்மா இரு!”

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தேவயானி அதைக் கவனிக்கவில்லை. அவள் நினைப்பெல்லாம் கடைசிச் சீட்டில் இருந்தது.

“அப்புறம் ரெண்டாயிரத்து இருபத்தி மூணுல ஒரேயடியா நூத்தி எண்பது. ஒரே வருஷத்துல எந்த நுரையீரலும் இப்படி விழாது. அந்த வருஷம் என்ன ஆச்சு மாமா? கொரோனா கிரோனா வந்துச்சா?”

“ஒண்ணும் வரல.”

“கசாயம், லேகியம் ஏதாச்சும் சாப்பிட்டுட்டு இருந்து நிறுத்திட்டீங்களா?”

“காலையில கஞ்சி, ராவுக்குச் சோறு. அப்பவும் அதான், இப்பவும் அதான்.” மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தினார். “உங்கப்பாரு வருஷா வருஷம் சொல்லுவாரு, ‘கிரஷரை விட்டுட்டு வேற வேலை பாரு அரியமுத்து’ன்னு. நாந்தான் கேக்கல.”

“அப்பாவுக்கு உங்க மேல அவ்வளவு அக்கறையா?”

வாசலில் சிமென்ட் லாரி ஒன்று வீட்டையே அதிரவைத்துக்கொண்டு போனது.

“அடுத்த வாரம் உங்க ரத்தத்தை எடுத்து ஆரம்பிக்கிறோம்” என்றாள் தேவயானி. “இனிமே எங்க ஆராய்ச்சி மொத்தமும் உங்களை நம்பித்தான். ‘மருந்து வந்தா எனக்குத்தான் மொதல்ல’ன்னு உங்க கூட வேலை பார்த்த பழனிவேல் மாமா இப்பவே பேரு குடுத்துட்டாரு.”

அரியமுத்து நிமிர்ந்தார். “பழனிவேலா? ஆக்சிஜனோட படுத்துக் கெடக்கானே, அவனா?”

“ஆமா. ரொம்ப நம்பிக்கையா இருக்காரு.”

“இந்தச் சீட்டுல உள்ளது தப்பா இருந்துச்சுன்னா?”

“எல்லாம் வீணாப் போயிடும். அந்தத் தப்பை நம்பி ஒரு மருந்து செஞ்சு, அவரு ஒடம்புல ஏத்துன மாதிரி ஆயிடும்.” தேவயானி சிரித்தாள். “ஆனா சீட்டு எப்படி மாமா தப்பாகும்? உங்களையெல்லாம் வரிசையா உள்ள அனுப்பினது எங்கப்பா. அவரு வேலையில ஒரு புள்ளி பிசகாது.”

அரியமுத்து மனைவியைப் பார்த்தார். சொல்லிவிடு என்பதுபோல் அவள் தலையசைத்தாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் பெண்ணிடம் இதைச் சொல்ல நேர்ந்துவிடுமோ என்று பயந்துதான் இரண்டு தடவை கதவைத் திறக்காமல் இருந்தார்.

“எனக்குச் சின்ன வயசுலேருந்தே இழுப்பு பாப்பா. மொத வருஷமே இருநூறைத் தாண்டியிருக்க மாட்டேன். வேலை போயிருந்தா ரெண்டு புள்ளைங்களை வச்சுக்கிட்டு எங்க போவேன்? ஊதச் சொல்ற ஆளு வெளியூரு. அவருக்கு எங்க மூஞ்சி தெரியாது, நம்பருதான் தெரியும்.”

“என்ன மாமா சொல்றீங்க? எனக்குப் புரியல.”

“அந்த வருஷம் என்ன ஆச்சுன்னு கேட்டியே... ஒங்கப்பாரு தவறிட்டாரு பாப்பா. அதுக்கப்புறந்தான் என் டோக்கனுக்கு நானே ஊதினேன்.”

தேவயானி மடியைப் பார்த்தாள். ஆறு மாதமாக அவள் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கியது அப்பாவின் மூச்சை.