பதினேழாவது கருவி

மார்ச் 4, செவ்வாய்.

முதலாளி கேட்டிருக்கும் பட்டியலில் நேற்று பதினாறு கருவிகள் என்று எழுதியது தவறு. பதினேழு.

கிடங்கு வாசலில் பெண்கள் விரல் வைக்கும் வருகைப்பதிவு இயந்திரத்தை விட்டுவிட்டேன். தினமும் கண்ணில் படுவதால் எண்ணத் தோன்றவில்லை போலும்.

கலூர் மாலைக் கணினி வகுப்பில் கற்ற நிரலை இன்று அலுவலகக் கணினியில் ஓட்டினேன். நெட்வொர்க்கில் இணைந்திருக்கும் ஒவ்வொன்றையும் அதுவே தேடி வரிசைப்படுத்தும். இலவசம். உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கலாம். எழுதியவர்கள் செய்த பிழைகள்கூடப் பெயரோடும் தேதியோடும் அங்கேயே கிடக்கின்றன. முதலில் அதைப் பார்த்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது.

கேமராக்கள், பிரிண்டர், ரவுட்டர். எல்லாவற்றிலும் நேரம் 3:20. பதினேழாவதில் மட்டும் 3:31.

என் தவறாகத்தான் இருக்கும் என்று மூன்று முறை ஓட்டினேன். மூன்று முறையும் அதே பதினொரு நிமிடம்.

சனிக்கிழமைதான் ஓமனா சேச்சியை இனி வர வேண்டாம் என்று நிறுத்தினார்கள்.

ஒன்றரை மாதமாக, எட்டு மணி வேலைக்கு, இயந்திரம் அவருக்கு எட்டு ஐந்து, எட்டு ஆறு என்றே காட்டியது. சுக்கு தரம் பிரிக்கும் மற்றப் பெண்கள் பக்கத்திலேயே இருக்கும் மட்டாஞ்சேரிக்காரர்கள். திட்டு வாங்கியதும் முன்னாலேயே வரத் தொடங்கினார்கள். அவர் வைப்பின் தீவிலிருந்து முதல் பஸ், பிறகு படகு பிடித்து வருபவர்.

இயந்திரம்தான் தப்பு என்று வாதாடினார். கைபேசியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அவரிடம் காட்ட ஒன்றும் இல்லை. நான் அங்கேயே நின்று என் கைக்கடிகாரத்தோடு சரிபார்த்தேன். இயந்திரம் சரி என்றேன். கொஞ்சம் முன்னால் கிளம்பலாமே, நான் வகுப்புக்கு ஒருநாளும் பிந்தியதில்லையே என்று புத்தியும் சொன்னேன்.

"படகு என்ன எங்க வீட்டு ஆடா மோளே, நான் விளிச்சா வர்றதுக்கு?"

பட்டியலில் ஒவ்வொரு கருவிக்கும் கடைசிக் கட்டம், அமைத்தவர் யார் என்பது. ஜனவரியில் மின்சாரம் போய் வந்தபோது அந்த இயந்திரத்தின் நேரம் அழிந்து, கையால் திருப்பி வைக்கப்பட்டது. வைத்தது யார் என்று மேலாளர் சஜி சாருக்குத் தெரியும்.

அவர் என் பின்னால் நின்று திரையைப் படித்தார். போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அந்தக் கட்டத்தை மட்டும் காலியா விடு மகா. நேரத்தை இப்பவே சரியாக்கிடலாம். முதலாளி அறிஞ்சா வேலை போகும்."

ஓமனா சேச்சிக்குப் போனது வேலை இல்லையா என்று கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவர் போய்க் கதவைத் திறந்தார். நான்கு மணிக்குப் பட்டியல் முதலாளி வெங்கிடராமனுக்குப் போக வேண்டும். சாயா குடித்துவிட்டு வருகிறேன், அதுவரை யோசி என்று போனார்.

யோசித்தால் பயம் வந்துவிடும். எழுதினேன்.

'நேரம் பதினொரு நிமிடம் முன்னால். ஜனவரி 18 முதல். ஓமனா ஒருநாளும் பிந்தி வரவில்லை. அமைத்தவர்: மகா, அலுவலக உதவியாளர். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து.'

அவர் சாயா குடித்துத் திரும்புவதற்குள் அனுப்பிவிட்டேன்.

கலூர் பஸ்ஸை விட்டுவிடக் கூடாது என்று வகுப்பில் சேர்ந்த அன்று நானே முன்னால் தள்ளி வைத்த கடிகாரம். தள்ளி வைத்ததை மறக்க வேண்டும் என்றுதான் வைத்தேன். மறந்தும்விட்டேன்.

நாளை: முதல் படகில் வைப்பின் போக வேண்டும். பட்டியலின் நகலை ஓமனா சேச்சி கையில் கொடுக்க வேண்டும். எட்டு மணிக்குள் அவரோடு கிடங்கு வாசலில் நிற்க வேண்டும்.