ஜெபம் தெரியாதவர்கள்

டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகர மருத்துவமனையின் நடைவழியில் காலை வெளிச்சம் நீளமாகக் கிடக்கிறது. உள்ளே ஆறு வயது மகளுக்கு இதய அறுவை சிகிச்சை நடக்கிறது. தாய் சிஸ்ஸெல் மூடிய கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். தரை துடைக்கும் ப்ரெபென், மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு அருகில் வந்து அமர்கிறார். "எனக்கு ஒரு ஜெபம்கூடத் தெரியாதே. உங்களுக்கு?" என்கிறாள். "எங்க வீட்லயும் யாருக்கும் தெரியாதும்மா. பக்கத்துல உட்காரத்தான் தெரியும்." "உங்க வேலை?" "தரை எங்க ஓடிப்போகுது!" சோப்பு மணக்கும் அவர் கையை அவள் பற்றிக்கொள்கிறாள்.

கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் கண்களை இறுக மூடுகிறாள். "என்னால முடியல. டாக்டர் முகம் எப்படி இருக்கு? நீங்களே பார்த்துச் சொல்லுங்க." மருத்துவர் முகக்கவசத்தைக் கழற்றும்வரை ப்ரெபென் காத்திருக்கிறார். அவள் நகங்கள் அவர் கையில் பதிகின்றன.

"கண்ணைத் திறம்மா. சிரிக்கிறாரு."