பிரித்துப் பார்க்காத புத்தகம்

"என் பேரை எடுத்துடுங்க. இது என் கதையே இல்லை."

படம் முடிந்து விளக்கு வந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த இயக்குநர் கைக்குட்டையும் கையுமாக அப்படியே நின்றுவிட்டான். திரையில் 'கதை' என்று யார் பெயரைப் பெரிதாகப் போட்டிருந்தானோ அவரே இப்படிச் சொன்னால் பாவம், அவன் என்ன செய்வான்? நாளை மறுநாள் படம் வெளியாகிறது. வெளியே பத்திரிகைக்காரர்கள் வேறு மைக்கோடு காத்திருந்தார்கள்.

எழுத்தாளர் லேசுப்பட்ட ஆள் இல்லை. இருபது வருடத்தில் இருபத்திரண்டு நாவல். வானொலி, மேடை, தொலைக்காட்சி என்று ஒரு சுற்று வந்து இப்போது சினிமாவிலும் கால் வைத்திருந்தார். பல் டாக்டரிடம் போனால்கூட, வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன் ஆட்டோகிராப் வாங்கிக்கொள்வார்கள்.

"என் நாவல்ல அந்த நர்ஸ், தங்கச்சியை மன்னிச்சு வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறா. நீங்க என்னடான்னா அவ மூஞ்சிக்கு நேரா கதவைச் சாத்த வெச்சிருக்கீங்க."

நடுவிலும் அவருக்குப் பொருமல்தான். நாவலில் இருந்த மாலுமியைக் காணோம். இல்லாத மாமியார் ஒருத்தி வந்து சண்டை போட்டுவிட்டுப் போனாள். சினிமாக்காரர்கள் கதையைக் குதறாமல் விட்டால்தான் அதிசயம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முடிவிலேயே கை வைத்தால் யார்தான் பொறுப்பார்கள்?

இயக்குநர் மெதுவாகப் பையிலிருந்து நாவலை எடுத்தான். பதினோரு தடவை படித்ததில் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

"அந்தக் கதவுக்காகத்தான் சார் நான் இந்தப் படத்தையே எடுத்தேன். நீங்களே பாருங்க."

அச்சான தன் புத்தகத்தை அவர் பிரித்துப் பார்ப்பதே இல்லை. பெற்றவள் பிள்ளையைத் திரும்ப வயிற்றுக்குள் வைத்தா பார்க்கிறாள் என்று பேட்டிக்குப் பேட்டி சொல்லிக் கைதட்டல் வாங்குவார். மேடை நாடகத்துக்கு அழைத்தால் பேசிவிட்டு, திரை தூக்குவதற்குள் கிளம்பிவிடுவார். வாசகர்கள் பாராட்டினால் தலையாட்டுவார். எந்த இடம் பிடித்தது என்று கேட்கிற வழக்கமும் கிடையாது.

இன்று பிரித்தார். கடைசிப் பக்கத்தில் நர்ஸ் கதவைச் சாத்தினாள். வரிக்கு வரி படத்தில் பார்த்ததேதான்.

அச்சகத்தில் எவனோ விளையாடிவிட்டான் என்று பதிப்பாளரைப் போனில் பிடித்துக் கத்தினார். பதிப்பாளர் நிதானமாகச் சொன்னார்: "உங்க பொண்ணு கொண்டுவந்து கொடுக்கறதை அப்படியே போடறோம் சார். ஒரு கமாவைக்கூடத் தொட்டதில்லை."

அவருடைய எழுத்து எறும்பு மையில் விழுந்து ஊர்ந்த மாதிரி இருக்கும். யாருக்கும் விளங்காது. அதனால் முதல் நாவலிலிருந்தே மகள்தான் நல்ல பிரதி எடுக்கிறாள். காகிதக் கட்டைக் கொடுக்கும்போது, யார் யாரைப் பற்றிய கதை என்று ஒரு வரி சொல்வார். அதோடு அவர் வேலை முடிந்தது. மிச்சமெல்லாம் மகள் பாடு.

அப்படியானால் வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. பத்திரிகைக்காரர்களை ஐந்து மணிக்கு வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டு, கொதித்துப் போய்க் காரில் ஏறினார். இத்தனை வருடத்துப் பெயர். அவர் புத்தகங்களில் ஒரு வரியிலாவது அடுத்தவர் கை பட்டது என்று தெரிந்தாலும் ஊர் சிரிக்காதா?

மகள் சாப்பாட்டு மேஜையில் அடுத்த நாவலின் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். அவர் நாவலை அவள் முன்னால் வீசினார்.

"யாரைக் கேட்டு முடிவை மாத்தினே?"

அவள் பேனாவை மூடினாள். முகம் வெளுத்துவிட்டது. என்றைக்காவது இந்தக் கேள்வி வரும் என்று இருபது வருடமாகப் பயந்துகொண்டிருந்தவள் அவள்.

"பிரதி எடுக்கறப்போ சந்தேகம்னா என்னை வந்து கேக்க வேண்டியதுதானே?"

"முதல் புத்தகத்துல ஒரு வரி கேட்டேன்பா. நீங்க கண்ணாடி போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தீங்க. உங்களுக்கே படிக்க வரலை. நீயே பார்த்துப் போட்டுக்கோன்னுட்டீங்க."

"ஒரு வரிக்குச் சொன்னா, ஒரு முடிவையே மாத்திடுவியா?"

வாசலில் கார் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. பத்திரிகைக்காரர்கள் வந்துவிட்டார்கள். மகள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான் எதையும் மாத்தலைப்பா. மாத்தணும்னா நீங்க எழுதினது புரியணுமே. இருபத்திரண்டு புத்தகத்துலயும் ஒரு வரிகூட எனக்குப் புரிஞ்சதில்லை."