விஜிலாவுக்கு வாய் நீளம்

“இந்த விஜிலாவுக்கு வாய் ரொம்ப நீளம். எனக்கு மகளாப் பொறந்திருந்தா வலை ஊசியெடுத்துத் தச்சிருப்பேன்” என்றாள் எமில்டா.

ஜெபமாலை முடிந்து, சுக்குக் காப்பி கை மாறிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை தோறும் தெருப் பெண்களின் அன்பிய ஜெபக் கூட்டம் யாராவது ஒருவர் வீட்டில் நடக்கும். ஜெபம் முடிந்ததும் மரியசெல்வி தான் எழுதும் தொடர்கதையில் ஓர் அத்தியாயம் வாசிப்பாள். இளையோரும் ஏதாவது செய்யட்டும் என்று கோயிலின் பங்குச் சாமியார் சொன்ன ஏற்பாடு அது.

மரியசெல்விக்குப் பத்தொன்பது வயது. அவள் கதையின் நாயகி விஜிலாவுக்குப் பதினேழு. விசைப்படகு டிரைவர் மகள். கப்பல் படிப்புப் படிக்க ஆசை. வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள்.

“அப்படி என்ன பேசிட்டா பெரியம்மா?” என்று கேட்டாள் மரியசெல்வி.

“‘அண்ணன் மட்டும் கடலுக்குப் போலாம், நான் கரையிலயே நிக்கணுமா’ன்னு பெத்தவகிட்ட கேக்காளே. அது ஒரு பேச்சா?”

“போன வாரம் ஒண்ணுமே பேசாம அழுதா. அழுமூஞ்சின்னு சொன்னிய.”

“அழுதா அழுமூஞ்சிதான?”

“அதுக்கு முந்தி அழாம இருந்தா. கல்நெஞ்சுக்காரின்னு சொன்னிய.”

“அம்மா ஆஸ்பத்திரில கெடக்கா, கண்ணுல ஒரு சொட்டு வரலியேளா.”

எமில்டாவின் நாத்தனார் பிளாரன்ஸ் சிரித்துவிட்டாள். “அவ தலை சீவுனதுக்கே மினுக்கின்னு சொன்னவங்கதான எங்க மதனி.”

“கண்ணாடி முன்னாடி அவ்வளவு நேரம் நின்னா வேற என்ன சொல்லுவாக?”

மரியசெல்வி கதையை வாசித்த செல்போனை அணைத்தாள். முகம் வாடிவிட்டது.

“மொதல்ல எழுதுன கதையில ரெக்சன்னு ஒரு பையன் வந்தானே. வீட்ல சொல்லாமக் கொள்ளாமக் கப்பலேறிப் போனான். அன்னைக்கு எல்லாரும் கை தட்டுனிய. ‘இவன் எங்க போனாலும் பொழச்சுக்குவான்’ன்னு நீங்கதான் சொன்னிய, பெரியம்மா.”

“அவன் ஆம்பளப் புள்ளை. துடியாத்தான் இருப்பான்.”

“அவனுக்கும் பதினேழுதான்.”

எமில்டா காப்பியை உறிஞ்சினாள்.

“சரி. உங்க யாருக்கும் பிடிக்காத புள்ளைய நான் ஏன் இழுத்துக்கிட்டுத் திரியணும்? வார சனிக்கிழமையோட முடிச்சிருதேன். அவ பரீட்சைக்கு மெட்ராசுக்குப் போக வேண்டாம். ஹால் டிக்கெட்டக் கிழிச்சுப் போட்டுட்டு, அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டு, வீட்லயே கெடக்கட்டும். அதுக்கப்புறம் நான் கதையே எழுதல.”

“முடிவு நல்லாத்தாம்ளா இருக்கு” என்றாள் பிளாரன்ஸ். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

எமில்டா மட்டும் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள்.

“பரீட்சை என்னைக்கு?”

“திங்கக்கிழமை.”

“இந்தத் திங்களா?”

“கதையில திங்கள், பெரியம்மா.”

“அப்ப நாளைக்குச் சாயங்காலம் முத்துநகர் ரயில்ல ஏறணுமே.”

“அதான் ஏறலன்னு சொல்லுதேனே.”

“திமிர் பிடிச்ச கழுதை” என்று சொல்லிக்கொண்டே எமில்டா எழுந்து செருப்பை மாட்டினாள். திட்டியது விஜிலாவையா, தன்னையா என்று மரியசெல்விக்கு விளங்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசைக்குக் கோயில் நிறைந்திருந்தது. மரியசெல்வி பாடகர் குழுவில் நின்றாள். பாட்டில் மனம் ஒட்டவில்லை. வீட்டுக்குப் போனதும் கடைசி அத்தியாயத்தை எழுதி முடித்துவிட வேண்டும் என்று இருந்தாள்.

வேண்டுதல் நேரம் வந்தது. ஆட்கள் எழுதிக் கொடுத்திருந்த வேண்டுதல்களைச் சாமி ஒவ்வொன்றாக வாசித்தார். மீன்பாடு பெருக வேண்டும். டெரன்சுக்கு மூட்டுவலி குணமாக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கோயில் முழுவதும், “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றது.

“நாளை சென்னையில் கப்பல் படிப்புக்கான நுழைவுத் தேர்வு எழுதும் மகள் விஜிலாவுக்காக. இன்று மாலை அவள் நல்லபடியாக ரயில் ஏறவும், பயமில்லாமல் எழுதி வெற்றி பெறவும், அவள் தாயின் மனம் இளகவும் மன்றாடுபவர் எமில்டா குடும்பத்தார்.”

மரியசெல்வியின் கையிலிருந்த பாட்டுப் புத்தகம் நழுவியது.

சாமி ஒருநாளும் அந்தக் கதையைக் கேட்டதில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

“நம்ம பங்குலருந்து ஒரு பெண்பிள்ளை கப்பலுக்குப் போகுது. எல்லாரும் நல்லா சத்தமா ஜெபியுங்க.”

கோயிலே அதிர, “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றார்கள். பிளாரன்ஸ் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ஆனாலும் அவள் குரலும் அதில் இருந்தது.

பூசை முடிந்ததும் மரியசெல்வி ஓடிப்போய் வாசலில் எமில்டாவைப் பிடித்தாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“பெரியம்மா, அவ கதையில வார புள்ளை.”

“தெரியும்ளா. எனக்கென்ன கிறுக்கா?”

எமில்டா கைப்பையைத் திறந்து, நூலில் கோத்த சின்ன மாதா பதக்கம் ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

“ரயிலேறும்போது இத அவ கழுத்துல போட்டுவிட்டதா எழுது. அவ்வளவு பெரிய ஊர்ல அவளுக்கு யாரு இருக்கா?”

“யாரு போட்டுவிட்டதா எழுத, பெரியம்மா?”

எமில்டா சுற்றுமுற்றும் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அத மட்டும் எழுதிராத. வார சனிக்கிழமை நான் அவளத் திட்டணும்லா.”