எடுக்காதே

"செத்தவங்க விஷயத்துல சிரிப்பு வருமாம்மா உங்களுக்கு?"

மேலாளர் அழைப்பின் ஒலிப்பதிவை நிறுத்திவிட்டுக் கேட்டார். கணினியிலிருந்து சற்று முன் வந்தது அவளுடைய சிரிப்புதான். அடக்கிப் பார்த்து, முடியாமல் வெடித்த சிரிப்பு.

அது ஒரு தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு. அவள் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. ஆறு மாதம் முடிந்தால்தான் நிரந்தரம். நிரந்தரமானால்தான் நிறுவனத்தின் காப்பீடு. அப்பாவின் கண் அறுவைச் சிகிச்சை அதற்காகத்தான் காத்திருக்கிறது.

"மனைவி இறந்து இருபது நாள். அவங்க இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி ஒரு பெரியவர் கூப்பிடறார். நீங்க கெக்கேபிக்கேன்னு சிரிக்கறீங்க."

"அவரும் சிரிச்சார் சார்."

மேலாளர் இன்னும் கொஞ்சம் ஓடவிட்டார். மறுமுனையில் மூச்சை இழுத்து இழுத்து ஒரு சத்தம்.

"இதுவா சிரிப்பு? அழறார்மா மனுஷன்."

அன்றைக்கு அவளுக்குச் சிரிப்பாகத்தான் கேட்டது. இப்போது கேட்டால் அழுகை மாதிரியும் இருந்தது.

"எதுக்குச் சிரிச்சீங்கன்னு நீங்களே கேளுங்க" என்று மேலாளர் பதிவைப் பின்னுக்குத் தள்ளினார்.

பெரியவரின் குரல் வந்தது. "அவ போன்ல என் நம்பரை எப்படி வச்சிருக்கான்னு தேடினேம்மா. வீட்டுக்காரர்னு இல்ல. என் பேரும் இல்ல. சரின்னு என் போன்லேர்ந்து அதுக்கு அடிச்சுப் பார்த்தேன். 'எடுக்காதே'ன்னு வந்துச்சு. முப்பத்தெட்டு வருஷக் குடும்பம்மா."

அடுத்து அவள் சிரிப்பு.

மேலாளரின் மீசை லேசாகத் துடித்தது. இருமிக்கொண்டார்.

"மேசைக்கு மேசை கண்ணாடி எதுக்கு வச்சிருக்கோம்? சிரிச்ச முகமா பேசணும்னு. முகம்தான் சிரிக்கணும், வாய் இல்ல."

"சரி சார்."

"புகார் வந்தா சம்பந்தப்பட்டவங்களே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கணும். விதி தெரியும்ல? அவர் வாபஸ் வாங்கினா பிழைச்சீங்க. இல்லேன்னா நாளைக்கு வர வேண்டாம்."

இன்னொரு ஹெட்போனை அவரும் மாட்டிக்கொண்டார். அவள் எண்ணை அழுத்தினாள். விரல் ஒருமுறை தப்பிப் போயிற்று.

"வணக்கம் சார், நான் வாடிக்கையாளர் சேவையிலேர்ந்து..."

"தெரியுதும்மா குரல்."

அச்சடித்த மன்னிப்புத் தாளைப் பார்த்துப் படித்தாள். "எங்கள் ஊழியரின் நடத்தையால் தங்களுக்கு ஏற்பட்ட மன வருத்தத்துக்கு நிறுவனத்தின் சார்பில்..."

"இன்னும் இருக்கா?"

"இன்னும் ஒரு பத்தி இருக்கு சார்."

"படிச்சுடு, படிச்சுடு. பக்கத்துல ஆள் உட்கார்ந்திருப்பாங்க."

மேலாளர் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார்.

படித்து முடித்துத் தாளைக் கவிழ்த்து வைத்தாள். "நெஜமாவே தப்புதான் சார். உங்க துக்கத்துல நான் சிரிச்சிருக்கக் கூடாது."

"அது கிடக்கட்டும். அன்னைக்கு நான் மிச்சத்தைச் சொல்றதுக்குள்ள, 'வேற ஏதாவது உதவி வேணுமா'ன்னு கேட்டு வச்சுட்டியே."

"என்ன மிச்சம் சார்?"

"அவ ஏன் அப்படிப் போட்டு வச்சான்னு. அவளுக்கு நூலகத்துல வேலை. ஊசி விழுந்தா கேட்கும். நான் கூப்பிட்டா எதையாவது சொல்லித் தொலைப்பேன். அவ சிரிச்சுடுவா. ரெண்டு தடவை மேலதிகாரிகிட்ட மன்னிப்பு எழுதிக் கொடுத்தா. மூணாவது தடவை மாட்டக் கூடாதுன்னுதான் அந்தப் பேரு."

"அப்புறம் எடுக்கவே மாட்டாங்களா சார்?"

"எடுப்பா. குடுகுடுன்னு கழிப்பறைக்கு ஓடிப்போய் எடுப்பா."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மேசைக் கண்ணாடியில் மேலாளரின் முகமும் தெரிந்தது. அவரும் கடித்துக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க என் மேல கோபமா இல்லையே. அப்ப எதுக்குப் புகார்?"



"பதினோரு தடவை கூப்பிட்டேம்மா. ஒவ்வொரு தடவையும் வேற வேற ஆளு. அன்னைக்குப் பேசின பொண்ணு வேணும்னா, அப்படியெல்லாம் தர முடியாதுங்கறாங்க. புகார் கொடுத்தா மட்டும் அதே ஆள் திரும்பக் கூப்பிடுவாங்கன்னு ஒருத்தர் சொன்னார்."

"அதுக்காகவா சார்?"

"வேற யார்கிட்ட சொல்றது? வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு உட்கார்றாங்க. அவளை நினைச்சு நான் சிரிச்சா, என் மகன் ஓடி வந்து முதுகைத் தடவி, 'அழாதீங்கப்பா'ங்கறான்."

மேலாளர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு ஒரு துண்டுத் தாளில் 'வாபஸ்' என்று எழுதி அவள் பக்கம் தள்ளினார்.

"சார், அந்தப் புகாரை மட்டும் வாபஸ் வாங்கிக்கறீங்களா? இல்லேன்னா என் வேலை போயிடும்."

"அடடா, உன் வேலைக்கே உலை வச்சுட்டேனா? வாங்கிக்கறேம்மா. இப்பவே வாங்கிக்கறேன்."

"ரொம்ப நன்றி சார். வேற ஏதாவது உதவி வேணுமா?"

வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டாள்.

பெரியவர் தயங்கினார்.

"வேலைக்கு ஆபத்து வராத மாதிரி சின்னப் புகார் ஏதாவது இருந்தா சொல்லேம்மா. அடுத்த வாரத்துக்கு."