பழைய டிஸ்க்

கணினிப் பெட்டியின் மூடியில் வைத்த பொட்டு கலையாமல் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் ரூபனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும். பாதி மூடியிலும் பாதி பெட்டியிலுமாக, முத்திரை குத்தினாற்போல் இருந்தது. தைப்பூசமே நெருங்கிவிட்டது, இதுவரை யாரும் திறக்கவில்லை.

"பொட்டிக்குப் பொண்ணு பாக்கவா வந்த? அப்பிடி உத்து உத்துப் பாக்குற?" அண்ணி துளசி கதவோரம் கைகட்டி நின்றாள்.

"தூசி இருக்கான்னு பாத்தேன், அண்ணி."

"ஒங்கண்ணன் கால் ஒடஞ்சி ஆஸ்பத்திரில கெடக்குறாரு. எட்டிப் பாக்கத் துப்பில்ல. கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பாக்க மட்டும் கோலா கங்சார்லேர்ந்து ஓடி வந்துட்ட."

"வேணாம்னா சொல்லுங்கலா, போயிர்றேன்."

"வந்தது வந்துட்ட. செஞ்சிட்டுப் போ."

அண்ணன் சீனியும் ரூபனும் அம்மா விட்டுப்போன வீட்டுக்காக முட்டிக்கொள்ளத் தொடங்கி வருடமாகிறது. போன வாரம் விடியற்காலையில், சிலிபின் வட்டாரத்திலுள்ள இந்த வீட்டின் கேட்டுக்கு வெளியே குப்பை போடப் போன சீனியைப் பின்னாலிருந்து ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனது. இருட்டில் ஒன்றும் தெரியவில்லை என்றுதான் சீனி போலீஸில் சொன்னான்.

கார் ரூபனுடையது.

அந்தக் கேட்டில் கேமரா பொருத்திக் கொடுத்தவனும் அவன்தான். "அது கெட்டுப்போயி மாசக்கணக்காச்சி" என்று குடும்ப வாட்ஸ்அப்பில் முந்திக்கொண்டு எழுதியும் விட்டான். கேமரா பிடிப்பதெல்லாம் இந்தக் கணினியின் டிஸ்கில் போய் விழுகிறது என்பது தன் ஒருவனுக்குத்தான் தெரியும் என்று நம்பியிருந்தான்.

நேற்று துளசி அதே வாட்ஸ்அப்பில் எழுதினாள்: "கம்ப்யூட்டர் ஆமை மாதிரி போவுது. கடக்காரர கூப்புடப் போறேன்."

கடைக்காரர் கண்ணில் அந்தப் படம் பட்டால் ரூபன் தொலைந்தான். படத்தை அழித்தால் மட்டும் போதாது; அழித்ததைத் தோண்டியெடுக்கும் வித்தை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். டிஸ்கே இந்த வீட்டைவிட்டுப் போக வேண்டும். "கடக்காரன் தலையில மொளகா அரைப்பான். நானே எஸ்எஸ்டின்னு புது மாடல் டிஸ்க் வாங்கிப் போட்டுத் தாரேன்" என்று உடனே பதில் போட்டான்.

மூடியை இழுத்தபோது சந்தனம் பிசுபிசுவென்று கட்டைவிரலில் ஒட்டியது. கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, புது எஸ்எஸ்டியை உறையிலிருந்து எடுத்தான். பழைய மதர்போர்டு, குச்சிபோல் செருகும் ரகத்துக்கு அதில் இடமில்லை. கேபிளில் மாட்டும் தட்டை ரகமாகப் பார்த்து வாங்கியிருந்தான்.

"பிஸ்கட் அளவுக்கு இருக்கு. இதுக்குள்ள எல்லாம் அடங்குமா?"

"பழசுல உள்ள தட்டு சுத்தணும், அண்ணி. இதுல சுத்துறதுக்கு ஒண்ணுமே இல்ல. அதான் லாஜு, அம்புட்டு வேகம்."

"சுத்து மாத்து இல்லாத சாமானா? ஒன் கையால வருதுன்னா அதிசயந்தான்."

ரூபன் பல்லைக் கடித்துக்கொண்டான். பழைய டிஸ்கின் திருகாணிகளைக் கழற்றி, மேலும் கீழும் பார்க்காமல் அதை உருவித் தன் பைக்குள் போட்டான். அந்த இடத்தில் புதியதைப் பொருத்தி இரண்டு கேபிள்களையும் செருகினான்.

"பழசுல உள்ளத அப்பிடியே இதுல ஏத்த மாட்டியா?"

"குப்பையும் சேந்து ஏறும். புதுசா விண்டோஸ் போட்டாத்தான் சுத்தம். போட்டோலாம் எடுத்து வெச்சிட்டீங்கல்ல?"

"பென்டிரைவ்ல இருக்கு. ஒன்ன நம்பி எத விட்டு வெச்சேன்?"

விண்டோஸ் ஏறி முடியும்வரை அவள் இடத்தைவிட்டு நகரவில்லை. ஒரு வாய்த் தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை. கடைசியில் கணினியை அணைத்துப் போட்டபோது, கண்ணை மூடித் திறப்பதற்குள் திரை வந்து நின்றது.

"பாத்தீங்களா?"

"பாத்தேன். ஒன் காடி மாதிரியே போவுது."

"என்... என் காடிக்கு என்ன?"

"நீ காடி ஓட்டுற லட்சணந்தான் ஊருக்கே தெரியுமே. எதுக்கு முழிக்கிற?"

அவன் அசட்டுச் சிரிப்பு ஒன்றை வரவழைத்துக்கொண்டு திருப்புளிகளை வாரிப் பைக்குள் திணித்தான். "அந்தப் பழசு ஒங்களுக்கு எதுக்கு? நானே கொண்டுபோயி வீசிர்றேன்."

"தாராளமா. அந்த எழவு இந்த வீட்டுல இருக்க வேணாம்."

இவ்வளவு சுலபமாகக் காரியம் முடியும் என்று அவன் நினைக்கவில்லை. வாய்தான் கத்தி, மண்டைக்குள் ஒன்றுமில்லை என்று அண்ணியை மனதுக்குள் ஏளனம் செய்தபடி காரில் ஏறினான். கோலா கங்சார் பாலத்தில் ஒரு நிமிடம் நிறுத்தினால் போதும். பேராக் ஆறு மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

கேட்டைச் சாத்த வந்த துளசி, கார்க் கண்ணாடியைத் தட்டினாள். அவன் இறக்கியதும் குனிந்து, பக்கத்து இருக்கையில் இருந்த பையைப் பார்த்தாள்.

"அது காப்பிதான், ரூபன். கடக்காரர் பொட்டியத் தொறந்து மாத்திப் போட்டது; பொட்டு நான் புதுசா வெச்சேன். ஒரிஜினல் டிஸ்க் முந்தாநாளே போலீஸ் கைக்குப் போயிருச்சி."